மாதா பீடத்தில் என் கடைவாய்ப்பல்

பல் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றதும், கைப்பழக்கம் வேண்டும் என்று ஊரே எனக்குப் பாடம் எடுத்தது. வீணை வாசி, கோலம் போடு, பாசிமணி கோ என்றார்கள். சொன்ன ஒருவருக்கும் ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அம்மா மட்டும் உண்மையைச் சொன்னாள்: "சங்கரா மீனுக்கு செதிலு எடுக்கச் சொன்னா வெரல வெட்டிக்கினு நிப்ப. நீ ஊரான் வாயில இன்னா பண்ணப் போற?"

முதலாண்டில் மெழுகுக் கட்டியில் பல் செதுக்க வேண்டும். நான் செதுக்கியதையெல்லாம் பேராசிரியர் உருட்டிப் பார்த்து, "இதில் மேல் எது, கீழ் எது?" என்று மரியாதையாகக் கேட்பார். திங்கள் மதியத்துக்குள் ஒரு கடைவாய்ப்பல் தேறாவிட்டால் பரீட்சைக்கே உட்கார முடியாது என்று கடைசியாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் கழுத்து ஒடியச் செதுக்கியதில் ஒன்று தேறியது. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

திங்கள் காலை மேசையில் அதைக் காணோம்.

"மாதா கோயில்ல வச்சிட்டேன்" என்றாள் அம்மா. எங்கள் ராயபுரத்தில் கை வலித்தால் மெழுகுக் கை, கால் வலித்தால் மெழுகுக் கால் வைப்போம். "நீ பாசாவணும்னு பொருத்தனை. கடையில வாங்கி வச்சா இன்னா மதிப்பு? நீயே செஞ்சதுதான் பலிக்கும்."

ஐயோ, இந்தப் பொம்பளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்!

கோயிலுக்கு ஓடினேன். பீடத்தில் என் பல்லுக்கு முன்னால் ஒரு அக்கா, இடுப்பைப் பிடித்தபடி முழங்காலில் இருந்தாள்.

"எனுக்கும் கிட்னில கல்லு கண்ணு. யாரோ கிட்னி வச்சிகீறாங்க, அதான் இங்கயே வேண்டிக்கினேன்."

"அக்கா, அது பல்லு."

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "பல்லா? எது மேல, எது கீய?"

அழுதேவிட்டேன். அது கிட்னியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பையிலிருந்து புதுக் கட்டியை எடுத்து அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து செதுக்கினேன். பூசை முடிந்தது. ஜெபமாலையும் சொல்லிவிட்டு அக்கா கிளம்பும்போது அவள் கையில் கொடுத்தேன்.

"இது இன்னாக்கா?"

"கடவாப்பல்லு" என்றாள் உடனே. "சொத்த கூட கீது."

சொத்தை இல்லை, அவசரத்தில் கத்தி வழுக்கிய இடம். மதியம் பேராசிரியரும் சொத்தையா என்றுதான் கேட்டார். ஆனால் மேல் எது என்று கேட்கவில்லை. பாஸ் போட்டார்.