அத்தையின் அடங்காத பதினாறு

பத்தாவதோடு நின்றவள் நான். மளிகைச் சாமான் எழுதுவதைத் தவிர வேறெதற்கும் பேனாவைத் தொடுவதில்லை. ஸ்பானிஷ் மொழியைப் பற்றி எழுத உட்கார்ந்தது எனக்கே கூச்சமாக இருக்கிறது. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை. ஸ்பெயினிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்த வருடம், அந்த மொழியில் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு ஆபீஸில் இடம் உண்டு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மாலையில் விரல் மடக்க முடியாமல் வீடு வரும் அத்தைக்கு அந்த நாற்காலி வேண்டும். ஒரு புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தானாகவே படித்தார்.

'அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்' என்று மரியாதையாக எழுத, வினைச்சொல்லின் வால் மாற வேண்டுமாம். எல்லாம் ஒரே மாதிரி மாறும்; அந்தப் புத்தகத்தில் பதினாறு மட்டும் நடுவிலேயே உருமாறிவிடும். அவற்றுக்கு அத்தை வைத்த பெயர் 'அடங்காத பதினாறு'. ஒவ்வொன்றுக்கும் ஆறு வடிவம். தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதி என்னிடம் கொடுப்பார். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிப்பதுபோல அவர் ஒப்பிப்பார். தப்பு வந்தால் நான் ஸ்கேலால் தரையைத் தட்ட வேண்டும். தட்டினால் பதினாறும் முதலிலிருந்து. அது அத்தை தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய அதிகாரம்.

'போ' என்பதற்கு அங்கே 'வாயா' என்று ஒரு வடிவம். அப்பா விடமாட்டார்.

"இன்னாம்மா, போறதுக்கு வாயாவா? அந்த ஆளு வர்றதா, போறதா?"

"நீ சும்மா இருண்ணா. பாப்பா, நீ அட்டையைப் பாரு."

அந்த இடத்துக்குக் கம்பெனி வைத்த பரீட்சை நெருங்கியபோது ரம்ஜான் நோன்பு. பக்கத்து வீட்டில் பாங்கு சொன்னதும் சமோசா வைப்பார்கள். என் சிநேகிதி வாசலில் நின்று கத்துவாள்.

"வர்றியா இல்லியா? தீந்துடும்டி!"

அத்தை கண்ணை மூடிக்கொண்டு "ஸாபா, ஸாபாஸ்" என்றார். அட்டையில் 'ஸெபா, ஸெபாஸ்' என்று இருந்தது. நான் தட்டவில்லை. ஒன்றை விட்ட பிறகு அடுத்ததை விடுவது சுலபமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க ஸ்கேல் சும்மா கிடந்தது.

"எல்லாம் சரியாடி?"

"சரி அத்தை."

தன் படிப்பு தேறிவிட்டதென்று அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்கக்கூட நான் நிற்கவில்லை.

நாற்காலி வாணியம்பாடிப் பெண் ஒருத்திக்குப் போனது. அன்று மாலை அத்தை செருப்பைக் கழற்றியதும் அட்டையைத் தேடி எடுத்தார். வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு? இவ ஒழுங்கா பாத்தாளா, இல்லியா?" என்றார் அப்பா.

"அவ நல்லாதாண்ணா பாத்தா. நான்தான் அங்க போயி மறந்துட்டேன்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. மறந்துவிட்டார், பாவம் என்றுகூட நினைத்தேன். அத்தை எதையும் மறக்கிறவர் இல்லை, நான் சரியென்று சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிவிட்டு வந்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஏழரை மணிக்கு அத்தை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தையலுக்குப் போனார்.