ஓட்டத் தெரியாதவர்களின் வகுப்பு

பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் அரசாங்கம் எனக்கு ஒரு சைக்கிள் கொடுத்தது. அதை நான் தினமும் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஓட்டத் தெரியாது என்பது ஒரு காரணம். அதை வெளியே சொல்ல முடியாது என்பது இன்னொரு காரணம். வகுப்பிலேயே நான்தான் உயரம். "இவ்ளோ உசரம் இருந்துக்கிட்டு வண்டி ஓட்டத் தெரியாதா" என்று யாராவது கேட்டுவிட்டால் அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று நினைத்தேன். சின்ன வயதில் ஒரு தடவை வாடகை சைக்கிள் எடுத்துக் கற்றுக்கொள்ளப் போய், தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு எருமையின் மேல் நேராக ஏற்றினேன். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீரில் வாயை வைத்தது. தெருவே சிரித்தது. அன்றைக்கு இறங்கியவள் பிறகு ஏறவே இல்லை.

பள்ளிக்கூடம் டவுனில். எங்கள் ஊர் மணிமுத்தாற்றுக்கு அந்தப் பக்கம், வேப்பூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். கணக்கு குரூப்பில் படித்தவர்களுக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. அது தொடங்கும்போதே பஸ் போயிருக்கும். பஸ் இல்லாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு, அப்பா வேலை செய்த பீங்கான் கம்பெனியிலேயே பொம்மைக்கு வர்ணம் பூச அனுப்பிவிடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. சைக்கிள் வந்ததும் அந்தப் பேச்சு நின்றது. அதனால், அந்த வண்டியை ஓட்டத் தெரியாது என்று வீட்டிலும் சொல்ல முடியவில்லை.

வண்டியின் மேல் மாமாவுக்கு ஒரு கண். அம்மாவின் தம்பி அவர். ஊறுகாய் ஜாடி, உண்டியல், அகல் விளக்கு என்று பீங்கான் சாமான்களைக் கூடையில் அடுக்கி, கேரியரில் கட்டி, எங்கள் ஜில்லாவிலேயே இருக்கும் மங்களூர் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய் விற்று வருவார். அவருடைய சைக்கிளுக்கு வயதாகிவிட்டது. ஒரு நாள் காலையில் பாலத்தின் மேல் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டார். பஞ்சர் என்று சொன்னேன். அடுத்த வாரமும் பார்த்தார். அதற்கும் பஞ்சர் என்றேன்.

"தெனமும் பஞ்சர் ஆவுற வண்டிய இப்பத்தான் பாக்குறேன்" என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். "தள்ளிக்கிட்டுப் போறதுக்கு எதுக்கு மச்சான் வண்டி? ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிக் குடுங்க. அத இழுத்துக்கிட்டுப் போவட்டும்."

அப்பா என்னைக் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்போல. "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம் மாப்ள. அதுக்குள்ள அவ ஓட்டலன்னா நீ எடுத்துக்க" என்றார். மாமா அப்போதே வண்டியைச் சுற்றிவந்து, கூடை எந்தப் பக்கம் வைத்தால் நிற்கும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் நான் வேறு வித்தை வைத்திருந்தேன். தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவேன். கேட் தெரிந்ததும் இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்தி, ஓட்டிக்கொண்டு வந்து இறங்குகிறவளைப்போல உள்ளே நுழைவேன். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது செயின் கழன்றுவிட்டதாக உட்கார்ந்துகொள்வேன். கடைசிப் பெண்ணும் போன பிறகு செயின் தானாகச் சரியாகிவிடும்.

இந்தச் செயினால்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பிசிக்ஸ் சார் ரிப்பேர் என்று கேள்விப்பட்டால் போதும், ஸ்பானரோடு வந்துவிடுவார். ஸ்டாஃப் ரூம் மின்விசிறி, ஆபீஸ் கடிகாரம் எல்லாம் அவர் கைபட்டவை. சில திரும்பவும் ஓடின. நான் தினமும் செயினோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்கு மனது கேட்கவில்லை. ஒரு நாள் கழற்றி மாட்டினார். மறுநாள் இறுக்கினார். அதற்கு மறுநாள் எண்ணெய் விட்டார். கடைசியில் தானே ஏறி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் முன்னால் இறங்கினார்.

"கல்லு மாதிரி இருக்குது. ஏறு, ஓட்டிக் காட்டு" என்றார்.

நான் ஏறவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சார் பதறிப்போனார்.

"என்னாத்துக்கு அழுவுற? நான் ஒண்ணும் பண்ணலியே வண்டிய."

"எனக்கு ஓட்டத் தெரியாது சார்."

முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். சார் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தார். செயினைப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்தச் செயினாவது நிம்மதியா இருந்திருக்கும்" என்றார். பிறகு மாமாவின் கதையையும் மாசக் கடைசிக் கெடுவையும் கேட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை இன்டர்வெல்லுக்குள் ஸ்டாஃப் ரூம் முழுவதும் அதுதான் பேச்சு.

ஆனால் ஒருவரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. மத்தியானம் பி.டி. டீச்சர் வகுப்புக்கு வந்து, "வண்டியில பிரேக்கு சரியில்லாதவங்க யாராவது இருந்தா நாளைக்குச் சாயங்காலம் கிரவுண்டுக்குக் கொண்டாங்க, பாத்துத் தரேன்" என்று மட்டும் சொன்னார். எனக்காகச் சொல்கிறார் என்று புரிந்தது. மறுநாள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து தலையைக் குனிந்துகொண்டு போய்ப் பார்த்தால், அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் வண்டிகளோடு நின்றது. அடுத்த செக்‌ஷன் லீடர் இருந்தாள். ஓட்டப்பந்தயத்தில் கப் வாங்கியவள் இருந்தாள். என் பக்கத்து பெஞ்சுக்காரியும், தினமும் அண்ணன் பின்னால் உட்கார்ந்து வந்து கேட்டில் இறங்குகிறவள், தன் சைக்கிளோடு நின்றாள். ஒருத்தி வண்டியிலும் பிரேக் கெட்டிருக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை.

அன்றைக்கு மைதானத்தில் உடைந்த பீங்கான் துண்டுகளைப் பொறுக்குவதே வேலையாகப் போயிற்று. பீங்கான் கம்பெனிகள் நிறைந்த அந்த டவுனில் எங்கே தோண்டினாலும் ஃப்யூஸ் கட்டைத் துண்டும் ஜாடி மூடியும் கிடைக்கும். மறுநாள் வகுப்பு தொடங்கியது. பிசிக்ஸ் சார் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் சைக்கிள் படம் போட்டு, ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தார்.

"சார், நீங்க படத்தோட கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நில்லுங்க" என்றார் பி.டி. டீச்சர். எங்கள் பக்கம் திரும்பி, "சக்கரத்தப் பாக்காதீங்க. தூரத்துல அந்தப் புளியமரத்தப் பாருங்க. பாத்துக்கிட்டே மிதிங்க" என்றார்.

புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே நாங்கள் வரிசையாக விழுந்தோம். எனக்குப் பயம் விடவில்லை. டீச்சர் கேரியரிலிருந்து கையை எடுக்கிறார் என்று தெரிந்தவுடன் காலை ஊன்றிவிடுவேன். நீளமான கால்கள் இதற்குத்தான் உதவின.

அப்படி இருக்கும்போதுதான் கணக்கு டீச்சர் மைதானத்துக்கு வந்தார். எங்கள் பள்ளியில் அவரைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். புடவை மடிப்புக் கலையாது, குரல் உயராது, சிரிப்பு வராது. சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பஸ் நேரம் வரைக்கும் ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்திக்கொண்டு இருப்பார். அன்றைக்கு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"நானும் கத்துக்குறேன்" என்று பொதுவாகச் சொன்னார். அவர் என் வண்டியைத் தேர்ந்தெடுத்தார். என்னை அருகில் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"இங்க பாரு. எனக்கு நல்லாவே ஓட்டத் தெரியும். டீச்சருக்கே தெரியலன்னா உங்களுக்கெல்லாம் கூச்சம் போவும், அதுக்காகத் தெரியாத மாதிரி நடிக்கிறேன். யாருகிட்டயும் சொல்லாத."

தலையாட்டினேன். அவ்வளவு பெரிய ரகசியம் எனக்குக் கிடைத்ததில் பெருமையாக இருந்தது.

"பின்னால கெட்டியாப் புடிச்சுக்க. வுட்டுடாத."

"நடிக்கிறதுக்கு எதுக்கு டீச்சர் கெட்டியாப் புடிக்கணும்?"

"நடிச்சா ஒழுங்கா நடிக்கணும்" என்றார்.

ஒழுங்காகவே நடித்தார். ஹேண்டில்பார் அவர் கையில் பாம்பு மாதிரி நெளிந்தது. நேரே புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு போய்ப் புளியமரத்திலேயே மோதினார். ஒரு நாள் முழங்கையில் நன்றாகவே தோல் உரிந்து, பிசிக்ஸ் சார் ஓடிப்போய் முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்தார். டீச்சர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து என்னைப் பார்த்தார். நான் ரகசியத்தைக் காப்பாற்றுகிறவளாக முகத்தை வைத்துக்கொண்டேன். எங்களுக்காக இவர் இவ்வளவு வலியைப் பொறுத்துக்கொள்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். இவரே விழும்போது நான் விழுந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. அன்றைக்குத்தான் காலை ஊன்றாமல் விழுந்தேன். அது அவ்வளவாக வலிக்கவில்லை. அதற்கப்புறம் தாராளமாக விழுந்தேன். ஒரு நாள் விழ மறந்து புளியமரம் வரைக்கும் போய்விட்டேன்.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தபோது எனக்கு நேராக ஓட்டத் தெரியும். லேசாகத் திருப்பவும் தெரியும். இறங்க மட்டும் தெரியாது. மைதானத்தில் பி.டி. டீச்சர் குறுக்கே வந்து நிற்பார், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன்.

"பரவால்ல. இன்னிக்கு வூட்டுக்கு ஓட்டிக்கிட்டே போ. நாங்க பின்னால வரோம்" என்றார் பிசிக்ஸ் சார். தன் மொபெட்டைக் கிளப்பி, பி.டி. டீச்சரைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். கணக்கு டீச்சர் கேட்டில் நின்று, "நேராப் பாத்துப் போ" என்றார். அவருக்குப் பஸ் நேரமாகியிருந்தது. ஆனாலும் நான் தெருமுனை திரும்பும் வரைக்கும் அங்கேயே நின்றிருந்தார்.

பாலத்தின் மேல் ஆற்றுக் காற்று வந்து தாவணியைத் தூக்கியது. களிமண் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஒதுங்கி வழி விட்டது. நான் ஒதுங்க மாட்டேன் என்று டிரைவருக்கே தெரிந்துவிட்டது. தினமும் தள்ளிக்கொண்டு போன அதே ரோடு, இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியாது. ஊர் வந்துவிட்டது. எங்கள் வீடும் வந்துவிட்டது. வாசலில் அப்பா நின்றார். பக்கத்தில் மாமா, கூடையும் கயிறுமாக.

எனக்கு இறங்கத் தெரியாது. அதனால் போய்க்கொண்டே இருந்தேன்.

"ஏ புள்ள, நில்லு" என்று மாமா பின்னால் ஓடி வந்தார். அவர் வண்டியைக் கேட்டு வருகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தேன். கோயிலைச் சுற்றிக்கொண்டு தெரு மறுபடியும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. இந்தத் தடவை அம்மாவும் வாசலில் இருந்தாள். மூன்றாவது சுற்றில் தெருவே வெளியே வந்து நின்று பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் கைதட்டினான். கடைசியில் எங்கள் வைக்கோல் போர் கண்ணில் பட்டது. தூரத்தைப் பார்த்து மிதிக்கச் சொல்லியிருந்தார்களே, அதையே பார்த்து மிதித்தேன். வண்டியும் நானும் அதற்குள் பாதி தூரம் போய் நின்றோம்.

மாமாதான் என்னை வெளியே இழுத்தார். என் தலையிலிருந்த வைக்கோலை எடுத்துக்கொண்டே அப்பாவிடம், "ஓட்டுறா மச்சான். நிறுத்தத்தான் தெரியல" என்றார்.

"ஓட்டுறாளான்னுதான மாப்ள கேட்ட" என்றார் அப்பா. அவர் அவ்வளவு பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மொபெட்டில் வந்தவர்களுக்கு அம்மா டீ போட்டாள். "ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சிட்டு இப்பிடியே வந்துடுவா, நீங்க கவலப்படாதீங்க" என்று பி.டி. டீச்சர் சொன்னார். "இப்பிடியேவா வருவா?" என்று அம்மா வைக்கோல் போரைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து, பிரேக்கைப் பிடித்துக் காலை எடுத்துப்போட்டு இறங்குவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார். கூடையையும் கயிற்றையும் அதற்கப்புறம் அவர் எங்கள் வாசலுக்குக் கொண்டுவரவில்லை.

அடுத்த வாரம் வகுப்பு ஏறக்குறைய கலைந்துவிட்டது. எல்லோருக்கும் ஓட்ட வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து மணியடித்துக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார்கள். கணக்கு டீச்சர் மட்டும் மைதானத்துக்கு வந்து, என் வண்டியைக் கேட்டார். யாருக்காக இன்னும் நடிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கத் தயக்கமாக இருந்தது. நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"எங்க வூட்டுல அண்ணனுங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வண்டி இருந்துச்சு" என்று மிதித்துக்கொண்டே சொன்னார். "காலையில தொடச்சி வெக்கிறது என் வேல."

நான் சரி என்றேன். அது எதற்காக இப்போது என்று யோசிக்கவில்லை.

அன்றைக்கு ஒரு இடத்தில் என் கை நழுவிவிட்டது. டீச்சருக்கு அது தெரியவில்லை. புளியமரத்தைச் சுற்றித் திரும்பி, மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய், யாருமே குறுக்கே இல்லாத இடத்தில் மணியை அடித்தார். மறுபடியும் அடித்தார். திரும்பி வரும்போது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. கொண்டையிலிருந்து கூந்தல் அவிழ்ந்து பறந்தது. எனக்கு முன்னால் வந்து, மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்ததைவிட மோசமாக இறங்கினார். மூச்சு வாங்கியது.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"சூப்பரா நடிச்சீங்க டீச்சர்" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். இவ்வளவு தத்ரூபமாக விழத் தெரிந்தவர் நாடகத்தில் சேராமல் கணக்கு டீச்சராக வந்திருக்கிறாரே என்று வருத்தப்பட்டுக்கொண்டே நான் வீட்டுக்கு ஓட்டிப் போனேன்.