பக்குவத்துக்கு ஒரு வாக்கியம்

எங்கள் அகராதி அலுவலகத்தில் அவரை எழுத்தெண்ணி என்றுதான் சொல்லுவோம். முகத்துக்கு நேரே இல்லை. அவ்வளவு தைரியம் யாருக்கும் கிடையாது. ஒரு புள்ளி விடுபட்டாலும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'ப' வரிசைச் சொற்கள் முழுவதும் அவர் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாக அங்கே சொல் அட்டைகளை அடுக்கும் என் மேல் அவர் எரிந்து விழாத வாரம் இல்லை. அப்படியும் அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் ஒரு சட்டம். எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் மேஜையில் உட்கார்ந்து இட்டுக்கட்டக் கூடாது. யாராவது, எங்காவது, நிஜமாக வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர் யார், கேட்டவர் யார், எந்த இடம் என்று அட்டையில் குறித்தால்தான் அது அகராதிக்குள் போகும். அந்தச் சட்டத்தைப் போட்டவரே எழுத்தெண்ணிதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை சிரித்த முகமாகத்தான் வந்தார். இரண்டு வருஷமாகப் பேசாத மகள் முந்தின நாள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தாள். மனைவி இறந்த பிறகு அவருக்கென்று இருப்பது அந்த ஒரு பெண்தான். படிப்பைப் பாதியில் விட்டு அச்சகத்தில் மிஷின் ஓட்டப் போகிறேன் என்றதற்காக, சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டித் தீர்த்திருந்தார். அன்றே அவள் தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து மணிக்கு, அச்சுக்குப் போன பக்கங்களின் நகலைப் புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"இங்க வாங்கம்மா. இதைப் படிங்க."

படித்தேன். பக்குவம்: வடமொழியில் சமைப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல். ஒன்று, வெந்த நிலை. இரண்டு, பழம் கனிந்த நிலை. மூன்று, ஒரு வேலைக்கு ஏற்ற பதம். 'மண் விதைக்கப் பக்குவமாக இருக்கிறது.' நான்கு, மன முதிர்ச்சி. 'மிஷின் ஓட்டினால் போதுமா, இந்தப் பெண்ணுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை.'

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நான் சொன்னதுதாம்மா அது. அவ வீட்டை விட்டுப் போன அன்னிக்கு. அந்த ஆத்திரத்துலயே அட்டை எழுதி உள்ள போட்டுட்டேன்."

மூன்று முறை மெய்ப்புப் பார்த்திருக்கிறார். எழுத்தை எண்ணியவர் வாக்கியத்தைப் படிக்கவில்லை. இந்தக் கூத்து எங்கள் தொழிலில் மட்டும்தான் நடக்கும். அதைவிடக் கொடுமை, அந்தப் பக்கத்தை அச்சடிக்கப் போவதே அவள்தான். மேலிடம் முடிவு செய்த அச்சகம் அவள் வேலை பார்க்கும் அச்சகமாகவே அமைந்துவிட்டது. பதினொரு மணிக்கு எங்கள் பக்கம் மிஷினில் ஏறும்.

போன் அடித்தோம். யாரும் எடுக்கவில்லை; அந்த இரைச்சலில் யார் காதில் விழப்போகிறது? இருவரும் பஸ் பிடித்தோம். அவர் உட்காரவே இல்லை.

"அதைப் படிச்சா ஞாயித்துக்கிழமை வரமாட்டா. அப்புறம் என்னைக்குமே வரமாட்டா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கோபமும் வந்தது. பெற்ற பெண்ணைத் திட்டியதோடு நில்லாமல் அதை அகராதியிலும் ஏற்றுவாரா ஒரு மனிதர்?

நாங்கள் நுழைந்தபோது மணி பதினொன்று பதினைந்து. மிஷின் நின்றிருந்தது. மகள் மை படிந்த மேலங்கியோடு பக்கத்தில் நின்றாள். கையில் முதல் தாள்.

"பக்கம் பதிஞ்ச பிளேட்டுல கீறல்னு முதலாளிகிட்ட பொய் சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றாள். "இன்னும் பத்து நிமிஷத்துல புது பிளேட் எடுத்துடுவாங்க. இதே வரி போகணுமா, வேற வரி போகணுமா? நீங்களே சொல்லுங்கப்பா."

"வேற எழுதித் தரேன்மா. இப்பவே தரேன்." அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

"எழுதக் கூடாதே. யாராவது சொல்லியிருக்கணுமே. சின்ன வயசுலேர்ந்து சாப்பிடும்போதெல்லாம் கேட்டு உங்க சட்டம் எனக்கு மனப்பாடம்."

அவர் என்னைப் பார்த்தார். நான்காம் பொருளுக்கு எங்களிடம் வேறு அட்டை இல்லை என்று எனக்குத் தெரியும். உதட்டைப் பிதுக்கினேன்.

உள் அறையிலிருந்து முதலாளி, "என்னாச்சு, பிளேட் எடுக்கலாமா?" என்று குரல் கொடுத்தார்.

"ரெண்டு நிமிஷம் சார்" என்றாள், அப்பா மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுத்தெண்ணி பேனாவை மூடினார். ஆயுசு முழுக்கச் சொற்களோடு குடித்தனம் நடத்தியவருக்கு ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை.

"பெத்துட்டா போதுமா" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. "இந்த அப்பனுக்கு இன்னும் பக்குவம் வரல."

கைப்பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து எழுதினேன். சொன்னவர்: தந்தை. கேட்டவர்: மகள். இடம்: மிஷின் அறை. நின்றபடியே அவசரமாக எழுதியதில் எழுத்து கோணலாகிவிட்டது. முதல் முறையாக அவர் அதைக் குறை சொல்லவில்லை.

மகள் அட்டையை வாங்கிப் படித்தாள். அவளுடைய கட்டைவிரல் மை அதன் ஓரத்தில் பதிந்தது.

"சரியா காதுல விழலப்பா. மிஷின் சத்தம். இன்னொரு தரம் சொல்லுங்க."

மிஷின் நின்று கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, இன்னொரு தரம் சொன்னார்.