வெண்மதி அழைக்கிறாள்

வெண்மதி மைக்கை ஊதிப் பார்ப்பதில்லை. நகத்தால் ஒருமுறை சுண்டுவாள். ஆட்டோ கூரையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து ‘டொக்’ என்று பதில் வந்ததும் வண்டியை நகர்த்திவிடுவாள். “பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு” என்று செஞ்சிக் கடைத்தெருவில் தேன் சொட்டும். அந்த நேரம் யாராவது பைக்கில் குறுக்கே வந்தால், “யோவ், வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” என்று இன்னொரு குரல் பாயும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவிட்ச்தான். அதை அணைக்க மறந்த நாட்களில் ராஜகிரி மலைப்பாறை வரை அந்தக் கேள்வி போய்த் திரும்பும்.

இருபத்து மூன்று வயது. கல்லூரியில் வரலாறு படித்தாள். துணிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன கறவை மாடு, எதுவானாலும் அவள் குரல்தான். கத்திரி வெயிலிலும் கழுத்தில் துண்டு. ஐஸ் தண்ணீர் தொடமாட்டாள். இரங்கல் செய்தி சொல்லும்போது மட்டும் செருப்பைக் கழற்றிவிடுவாள். ஏன் என்று கேட்டேன். “தெர்லக்கா. கால் தானா கழட்டுது.” தேர்தல் வந்தால் காலையில் ஒரு கட்சி, மாலையில் எதிர்க்கட்சி. “எல்லாருக்கும் ஓட்டு கேப்பேன். என் ஓட்டு யாருக்குன்னு எங்க நைனாவுக்கே தெரியாது.”

வல்லம் போகும் வழியில், மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது அவளுடைய ஊரான சிறுதாங்கல். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஊராட்சிப் பள்ளிக்கூடம். கிராம சபை எப்போதும் ஊர்க் கோயில் மண்டபத்தில்தான் கூடும். காலனிக்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்கள். உள்ளே பேசுவது காதில் விழாது. கடைசியில் யாராவது வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். குடிநீர்க் குழாயும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது.

இந்த மே தின கிராம சபைக்கு முன்னால் வெண்மதி தன் கூட்டாளிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு ஊராட்சிச் செயலர் உத்திராபதியிடம் போனாள். ஒருத்தி நர்சிங் படிக்கும் மோனிகா, மற்றவன் பார்சல் வண்டி ஓட்டும் செந்தமிழன். சபையைப் பள்ளிக்கூடத்தில் நடத்த வேண்டும் என்றார்கள்.

“எப்பவும் அங்கதானம்மா நடக்குது. இப்ப இன்னா புதுசா?”

“எங்களுக்குக் காது கேக்கணும் சார். அதான் புதுசு.”

உத்திராபதி சிரித்தார். ஆனால் முடிவு சொல்லவில்லை. மூவரும் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். கோயிலில் கூட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது என அங்கே தெரிந்துகொண்டு, திரும்பும் வழியெல்லாம் செந்தமிழன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தானாம். பள்ளிக்கூடச் சுவரில் அறிவிப்பு ஒட்டியதும் வெண்மதி ஆட்டோவை எடுத்தாள். காலனியை முடித்துவிட்டு ஊர்த் தெருவுக்குள்ளும் திரும்பினாள். “கொழாயடியில சண்ட போடறத சபையில வந்து பேசுங்க! பதில் சொல்ல ஆள் இருக்குது!”

“எங்க தாத்தா இதே தெருவுல தமுக்கு அடிச்சாரு. இன்னா சேதின்னு அவரு முடிவு பண்ணல. இப்ப சேதி நம்முதுக்கா” என்றபோது அவள் ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டினாள்.

மே தினத்தன்று பள்ளிக்கூட முற்றம் நிரம்பியது. காலனிப் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வெண்மதியின் முறை வந்தது. எழுந்தாள். கழுத்துத் துண்டின் முனையை முறுக்கிக்கொண்டு நின்றாள். “ஊரு சேதி எல்லாம் சொன்னவக்கா நானு. என் சேதி சொல்ல வரலை” என்று பிறகு என்னிடம் சொன்னாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்போது ஊர்த் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் நீலாவதி உரக்கச் சொன்னாள்: “தண்ணி வேணும்னு கேக்கத்தான வந்த? கேளும்மா!”

கேட்டாள். குழாயைக் காலனி வரை இழுக்க வேண்டும் என்று கேட்டாள். ஒருவர் எழுந்து, “அங்க இழுத்தா இங்க தண்ணி ஏறாது” என்றார். “காலைல என் வூட்டு வாசல்ல வீணா ஓடுதே, அத இன்னா பண்றது?” என்றாள் நீலாவதி. தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது காலனி முழுவதும் தூக்கியது. ஊர் வரிசைகளில் நீலாவதியும் இன்னும் சிலரும் மட்டும் தூக்கினார்கள். மற்றவர்கள் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. அன்று காலனிக்குத் திரும்பிய வெண்மதியின் ஆட்டோவில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு கூரைமேலேயே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். இப்போது காலனி முனை வரை பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தாகிவிட்டது. தண்ணீர்தான் வரவேண்டும். “வரும். வர்ற வரைக்கும் நாங்களும் வருவோம்” என்கிறாள் வெண்மதி.

ஆகஸ்ட் பதினைந்து சபைக்கு நானும் போயிருந்தேன். மே மாதத்தைவிடக் கூட்டம். கொடியேற்றத்தில் கொடுத்த மிட்டாய் இன்னும் வாயில் இருக்க, பிள்ளைகள் சுவரேறி உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த் தெருவிலிருந்து அனுஷா என்ற கல்லூரி மாணவி எழுந்தாள். அவளும் துப்பட்டா முனையை முறுக்கினாள். “எங்க தெருவுல லைட்டு எரியல. டியூஷன் வுட்டு வரதுக்குப் பயமா இருக்குது. யாரும் கேக்கறதில்ல.”

பின்வரிசையில் வெண்மதியை ஒட்டி உட்கார்ந்திருந்த செந்தமிழன் முணுமுணுத்தான்: “நம்ம தண்ணிக்கு இவங்க தெருவுல எத்தினி கை ஏறிச்சு?” பக்கத்தில் இருந்த இளைஞர்கள் தலையாட்டினார்கள். காலனி வரிசை முழுவதும் கைகட்டி உட்கார்ந்திருந்தது. அனுஷா அந்தப் பக்கம் பார்த்தாள். யாரும் அசையவில்லை.

“தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க” என்றார் உத்திராபதி.

வெண்மதி வலது கையை உயர்த்தினாள். இடது கையால் செந்தமிழனின் மணிக்கட்டைப் பிடித்து, அதையும் மேலே தூக்கினாள்.