பின்னால் வந்தவர்கள் எழுதிச் சேர்த்தது

தைராய்டு கட்டியை எடுத்த பிறகு எனக்குக் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். "திரும்பி வரும், பழைய மாதிரி வருமான்னு சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். ஜப்பானியரின் பேச்சைக் கூடவே நின்று பர்மியத்தில் சொல்வதுதான் என் பிழைப்பு. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மழை ஓய்கிற சமயத்தில் குரல் கொஞ்சம் தேறியது. அப்போது ஒரு வேலை வந்தது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த ஜப்பானியப் படங்களைப் பற்றிப் பேச ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா வருகிறார். அந்த ஓவியர்களைப் பற்றி இருநூறு வருஷத்துக்கு முன்பு அவர்கள் காலத்திலேயே யார் என்ன எழுதிவைத்தார்கள் என்பதுதான் பேச்சு.

"அவ்வளவு நேரம் தொண்டை தாங்குமா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"தாங்கலேன்னா நிறுத்திடு. யாரும் அடிக்க வரமாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு, கூட வருவதற்காகக் கடையைச் சீக்கிரம் பூட்டினார்.

எங்கள் கடை இருக்கும் பபேடான் பேட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் மண்டபம். முதலில் எல்லாம் சரியாகப் போயிற்று. படம் போடுகிறவர்களை அன்று கைத்தொழில்காரர்களாகத்தான் பார்த்தார்களாம். அவர்கள் வாழ்க்கையை எழுதிவைக்க அநேகமாக யாருக்கும் தோன்றவில்லை. கவிதை எழுதும் அதிகாரி ஒருவர் மட்டும், ஒவ்வோர் ஓவியருக்கும் சில வரி என்று குறித்து வைத்தார். அது அச்சேறவில்லை. பிடித்தவர்கள் இரவல் வாங்கிக் கையால் பிரதி எடுத்தார்கள். எடுத்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதினார்கள். அதனால் பிரதிக்குப் பிரதி வித்தியாசம். இதையெல்லாம் மெதுவாக, இடையிடையே வெந்நீர் குடித்துச் சொல்லிவந்தேன்.

திடீரென்று அந்த அம்மா எனக்கு முன்கூட்டி அனுப்பியிருந்த உரையை ஓரமாக வைத்தார். திரையில் அந்தப் பிரதிகளில் ஒன்றின் பக்கத்தைக் காட்டி, யாரோ பின்னால் சேர்த்த வரியைப் பழைய நடையில் வாசித்தார். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

சபை என்னையே பார்த்தது. வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. குரல்தான் போகிறது என்று நினைத்தேன். கடைசி வரிசையில் கணவர் எழுந்தே நின்றுவிட்டார். நான் பர்மியத்தில், "மன்னிக்க வேண்டும், இந்த வரி எனக்குப் புரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். கொஞ்சம் உடைந்தாலும் வார்த்தை வெளியே வந்தது. பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி ஜப்பானியத்தில் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எனக்கும் பல வருஷம் புரியவில்லை. அந்த எழுத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். நான் ஒரு மாதிரி படிக்கிறேன், என் நண்பர் வேறு மாதிரி. இரண்டையும் சொல்லிவிடுங்கள்" என்றார்.

சொன்னேன். மண்டபத்தில் மெல்லிய சிரிப்பு. முன்வரிசையிலிருந்த பர்மியப் பெரியவர் ஒருவர், ஆசிரியையை அழைக்கும் மரியாதையோடு, "அப்படியானால் சயாமா, எதை நம்புவது?" என்று கேட்டார்.

அந்த அம்மா ஓர் ஓவியரை உதாரணம் காட்டினார். நடிகர்களை ரொம்பவும் உள்ளபடியே வரைந்தார், ஜனங்களுக்குப் பிடிக்காமல் சீக்கிரமே காணாமல் போனார் என்று அவர் காலத்தவரான அந்த அதிகாரி எழுதினார். அவர் எங்கே குடியிருந்தார், என்ன தொழில் செய்தார் என்பதை ரொம்பப் பின்னால் வந்த ஒருவர் சேர்த்தார். "இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எது எப்போது எழுதியது என்பதை மட்டும் மறக்காதீர்கள்."

கடைசி வாக்கியம்வரை குரல் நின்றது. வெளியே வந்தோம். நடைபாதைத் தேநீர்க் கடையில் குட்டை முக்காலியைப் போட்டு உட்கார்ந்தோம்.

"நடுவில பயந்துட்டேம்மா" என்றார் கணவர்.

"நானுந்தான். ஆனா பாருங்க, போனது குரல் இல்லை. வெறுமே தெரியலை, அவ்வளவுதான்."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே மூச்சு சீராயிற்று. தேநீரோடு இரண்டு சமோசாவும் தின்றோம்.

மறுநாள் தொண்டை கரகரத்தது, பயம் வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் ஜப்பானியப் பொறியாளருக்குப் பேச ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று நானே போனில் சொன்னேன்.