டாங்க்கில் நிற்காத பெற்றோல்

பழைய கார் திருத்திறது டொக்டர் வேலை மாதிரித்தான். பாதி நேரம் நோயோட மல்லுக்கட்டு, மிச்ச நேரம் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர் சொல்லுற பொய்யோட மல்லுக்கட்டு.

நான் பிறந்து வளர்ந்தது கொழும்பில, கொட்டாஞ்சேனை. கராஜ் இருக்கிறது வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில. ரெண்டு கார் விடலாம். மூண்டாவது வந்தால் ஒழுங்கை மறிபடும், எதிர்வீட்டு மிஸ் பல்கனியில நிண்டு பேசத் தொடங்குவா. உப்புக் காத்தில ஸ்பானரும் கறள் பிடிக்கும், திருத்திறவன்ர குணமும் கறள் பிடிக்கும். நான் சள்ளெண்டு விழுறன் எண்டு ஆக்கள் சொல்லுறதில பிழையில்லை.

பழைய கார் வச்சிருக்கிற சனங்களே, உங்கட பாடு எனக்குத் தெரியும். சிவப்பு லைட்டில நிண்ட கார் பச்சை விழுந்த பிறகு எழும்பாது. பின்னால நிக்கிற பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே உயிரை எடுப்பான். அந்த நேரத்தில வாற வேர்வையையும் வெக்கத்தையும் அனுபவிச்சவைக்குத்தான் இதைச் சொல்லுறன். இதில ஒரு காரும் ஒரு பெற்றோல் பம்ப்பும் ஒரு மனுசனும்தான். கேட்டால் ஆறுதலா இருக்குமெண்டு மட்டும் நினைக்காதேங்கோ.

அடி வாங்கின டாங்க்

சிவநேசன் ஐயாவை முதல் கண்டது வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால, நடு ரோட்டில. புதுக்கடை நீதிமன்றத்தில மொழிபெயர்ப்பாளரா இருந்து பென்சன் எடுத்தவர். வெள்ளைச் சேட்டு, கையில மரக்கறிப் பை, பக்கத்தில செத்துப்போய் நிக்கிற பழைய ஜப்பான் கார். மரக்கறிக்காரப் பெடியன் ஒருத்தன் ஓடி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

திறப்பைத் திருப்பினால், பின் சீற்றுக்குக் கீழ இருந்து "ங்ங்" எண்டு ஒரு சின்னச் சத்தம் வரவேணும். அதுதான் பம்ப் பெற்றோலை முன்னால தள்ளுற சத்தம். அது வரேல்லை. இப்படிச் சாகக் கிடக்கிற பம்ப்பை எழுப்ப எங்களிட்ட ஒரு நாட்டு வைத்தியம் இருக்கு. காருக்குக் கீழ படுத்து, டாங்க்கின்ர அடியில றப்பர் சுத்தியலால நாலு போடு. பம்ப் திடுக்கிட்டு எழும்பும், கராஜ் வரைக்கும் வந்து சேரும். நானும் போட்டன், காரும் எழும்பினது. வெளியில வந்து பாத்தால் ஐயாவின்ர முகம் கறுத்துப் போய்க் கிடக்கு. நன்றி சொல்லுவார் எண்டு நிண்டன். அவர் சொன்னது இது:

"இனி அடிக்காதேங்கோ தம்பி, இது ராணியின்ர கார். அவ இருக்கேக்க இதில ஒரு கீறல் விழ விட்டதில்லை."

ராணி அவற்ற மனுசி. தவறிப் போயிட்டா எண்டு அண்டைக்குத்தான் தெரியும்.

அரை வயிறு

இந்த இடத்தில கொம்பனித்தெரு முஸ்லிம் நானா ஒருத்தரைப் பற்றிச் சொல்ல வேணும், இல்லாட்டி நான் விட்ட பிழை உங்களுக்கு விளங்காது. நானாவுக்குப் புடவைக் கடை, ஒரு கிழட்டு வேன். அவற்ற பம்ப்பும் அடிக்கடி எரியும். காரணம் லேசு. பம்ப் டாங்க்குக்குள்ள பெற்றோலில முங்கி இருக்க வேணும். பெற்றோல்தான் அதைக் குளிர வைக்கிறது. டாங்க்கை எந்த நேரமும் அடிமட்டத்தில வச்சுக்கொண்டு ஓடினால் பம்ப் சூடேறிச் செத்துப் போகும். கொழும்பில பாதிச் சனம் அப்படித்தான் ஓடுது, விலை அப்படி.

"கால் டாங்க்காவது வச்சிருங்கோ நானா" எண்டு நான் கத்துவன். அவர் சிரிச்சுக்கொண்டு சொல்லுவார்:

"ஏன் தம்பி, எங்கட வகுறே அர வகுறா ஈக்கிற காலத்துல, வேனுக்கு மட்டும் முழு வகுறு கேக்குதா ஒங்களுக்கு?"

பேயோட்டச் சொன்ன பாஸ்

சிவநேசன் ஐயாவின்ர டாங்க்கைக் கழட்டினால் அதுவும் அநேகமாக் காஞ்சு போய்க் கிடந்தது. இவரும் நானா கேஸ்தான் எண்டு முடிவு கட்டிப்போட்டன். புதுப் பம்ப் போட்டு, நானாவுக்குப் படிச்ச பாட்டை இவருக்கும் படிச்சன். "ஓம் தம்பி, ஓம்" எண்டு தலையாட்டினார். பிளேன்ரீ குடுத்தன், வேண்டாம் எண்டார். வாய் முழுக்கப் புண்ணாம், எரியுதாம். அதைக் கேட்டுப்போட்டு நான் பாட்டுக்கு வேலையைப் பாத்தன். அண்டைக்கு அந்தப் புண்ணைப் பற்றி யோசிச்சிருந்தால் மிச்சக் கதையே இல்லை.

கொஞ்ச நாளில அந்தப் பம்ப்பும் எரிஞ்சு போச்சு. எனக்கு வந்த கோவம்! பம்ப்தான் போலி எண்டு கடைக்காரனோட சண்டை பிடிச்சன். வேற கடையில வேற பம்ப் வாங்கிப் போட்டன். அதுவும் எரிஞ்சுது. றிலே மாத்தினன், பில்டர் மாத்தினன். கடைசியில எங்கட எலெக்ட்ரிக் வேலைக்கு வாற சுனில் பாஸைக் கூப்பிட்டன். கைத்தொழில் தெரிஞ்சவரைச் சிங்களத்தில பாஸ் எண்டுவினம். மனுசன் முன் பக்கம் இருந்து பின் பக்கம் மட்டும் ஒவ்வொரு வயராப் பிடிச்சுப் பாத்தார். ஒரு குறையும் இல்லை. அவற்ற ஊரில பேய் பிடிச்ச ஆக்களுக்கு மேளமடிச்சு ஆடிப் பேயோட்டுவினம், அதுக்குப் பேர் தொவில். கையைத் துடைச்சுப்போட்டு அவர் சொன்னார், மல்லி எண்டால் சிங்களத்தில தம்பி:

"மல்லி, இதுக்கு வயரிங் வேலை ஒண்டும் வேணாம், நல்ல தொவில் ஒண்டு போடுவம்."

இல்லாத மணம்

அதுக்கிடையில ஐயாவின்ர மகள் வினோதா தெஹிவளையில இருந்து தகப்பன் வீட்டுக்கு வந்திட்டா. முதல் பிள்ளைப்பேறு. மருமகன் டோஹாவில வேலை. எங்கட ஆக்களில முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குத்தானே வாறது? தாய் இல்லை, ஆனால் தாய்வீடு இருக்கெண்டு ஐயா பிடிவாதமாக் கூட்டி வந்தவர். பத்தியக் கறி சமைக்கப் பழகினார். என்னிட்ட வந்து ஒரே கதை: "தம்பி, பிள்ளைக்கு நோ வாற அண்டைக்குக் கார் எழும்ப வேணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்." கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுவார்.

நான் என்ன செய்தன் தெரியுமோ? புதுப் பம்ப்பைப் போட்டு, அவரோட கதைச்சு வேலையில்லை எண்டு, நானே பெற்றோல் ஷெட்டுக்குக் கொண்டு போய் அரை டாங்க் நிரப்பிக் குடுத்தன். மற்றக் கிழமை கிளினிக் போற நாள் காலமை வினோதா போன் எடுத்தா, தானே திறப்பைத் திருப்பிப் பாத்தவ, கார் எழும்புதில்லை எண்டு. ஓடிப்போய்ப் பாத்தால் டாங்க் காஞ்சு கிடக்கு! கார் வீட்டை விட்டு அசையவும் இல்லையாம். காருக்குக் கீழ படுத்து டாங்க், பைப் எல்லாம் தடவிப் பாத்தன். ஒரு துளி ஒழுக்கு இல்லை. அரை டாங்க் பெற்றோல் காத்தோட போச்சுதோ?

ஓட்டோ ஒண்டில போவம் எண்டு சொல்ல மேல அவையின்ர அடுக்குமாடி பிளட்டுக்கு ஏறினன். ஐயா சந்தைக்குப் போயிருந்தார். வினோதா மூக்கைச் சீலைத் தலைப்பால பொத்திக்கொண்டு கதவைத் திறந்தா.

"அண்ணா, எனக்கு இந்த வீடெல்லாம் பெற்றோல் மணக்குது. பிள்ளைத்தாச்சிக்கு இல்லாத மணமெல்லாம் மணக்கும் எண்டு அப்பா சொல்லுறார்."

நூர்ந்த விளக்கு

கன வருசம் பெற்றோலில ஊறின மூக்கு என்ர மூக்கு. அதுக்கே மணந்தது. மணம் போன திசையில ஒரு அறை. ராணியம்மாவின்ர அறையாம், ஐயா மட்டும்தான் உள்ள போவாராம். கதவைத் தள்ளினன். சுவரில படம். படத்துக்குக் கீழ சின்ன விளக்கு எரியுது. பக்கத்தில சீலை அலுமாரி. திறந்து பாத்தால், மேல் தட்டில மடிச்சு வச்ச சீலைகள், கீழ் தட்டு முழுக்க பிளாஸ்டிக் கான்கள். எல்லாத்திலையும் பெற்றோல். பக்கத்தில ஒரு றப்பர் குழாய், வாயால உறிஞ்சி எடுக்கிற குழாய். ஐயாவின்ர வாய்ப் புண் எனக்கு அப்பதான் விளங்கினது.

எரியிற விளக்கு, பெற்றோல், வயித்தில பிள்ளையோட ஒரு பெட்டை. யோசிக்காமல் விளக்குத் திரியைக் கையால நசுக்கி நூர்த்தன். திரும்பினால் வாசலில ஐயா, மரக்கறிப் பையோட. நான் வாய்க்கு வந்தபடி கத்தினன், மரியாதை ஒண்டும் பாக்கேல்லை. அவர் அதைக் காதில விழுத்தேல்லை. "அவளின்ர விளக்கை ஏன் தம்பி நூர்த்தனீங்கள்?" எண்டு மட்டும் கேட்டார். பிறகு கட்டிலில இருந்து கதைக்கத் தொடங்கினார்.

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலம் உங்களுக்கு மறந்திருக்காது. வரிசையில காருக்குள்ளேயே படுத்துக் கிடந்து டாங்க்கை நிரப்பிக்கொண்டு வந்து பிளட்டுக்குக் கீழ விட்டவராம். ராணியம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், அவசரத்துக்கு வேணும் எண்டு. விடியக் காலமை அவவுக்கு நெஞ்சு நோ வந்திட்டுது. கீழ கொண்டு வந்து ஏத்தித் திறப்பைத் திருப்பினால் கார் எழும்பேல்லை. இரவோட இரவா எவனோ குழாயைப் போட்டு முழுக்க உறிஞ்சிக்கொண்டு போயிருக்கிறான். காலி வீதிக்கு ஓடினால் ஒரு ஓட்டோவும் இல்லை, எல்லாம் பெற்றோல் வரிசையில. அவர் திரும்பி வரேக்க அவ பின் சீற்றிலேயே போயிட்டா.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பெற்றோலை உறிஞ்சி மேல கொண்டு வருவார். காலமை தேவைக்கு மட்டும் கீழ கொண்டு போய் ஊத்துவார். பிள்ளைக்குப் பெற்றோல் வேணுமே எண்டுதான் இவ்வளவையும் சேத்து வச்சவர். அதுவே பம்ப்பை எரிக்குது எண்டு நான் விளங்கப்படுத்தினன். தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னார்:

"டாங்க்கில இருந்தால் அது கள்ளனுக்கு, தம்பி. அவளுக்குப் பக்கத்தில இருந்தால்தான் எனக்கு நித்திரை வரும்."

சீலைகள்

அண்டைக்கே நானும் சுனில் பாஸும் கான்களைக் கீழ இறக்கினம். துணியில வடிச்சு வடிச்சு எல்லாத்தையும் டாங்க்கில ஊத்தினம். டாங்க்கின்ர மூடிக்குப் பூட்டு ஒண்டு போட்டு, திறப்பை ஐயாவின்ர கையில குடுத்தன். அவர் அதைக் கழுத்துச் சங்கிலியில கோத்தார். பூட்டை இழுத்து இழுத்துப் பாத்தார், நானும் இழுத்துக் காட்டினன். திருப்தி வந்ததெண்டு சொல்ல மாட்டன்.

மேல போனால் வினோதா அலுமாரிச் சீலைகளைப் பல்கனியில விரிச்சுக் காயப் போட்டுக்கொண்டு நிக்கிறா. ஒரு சீலையை முகத்தில வச்சு மணந்து பாத்தா. அவ கோவிக்கேல்லை, அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருந்தது.

"அப்பாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ அண்ணா. அம்மாவின்ர மணம் இதில ஒண்டிலையும் இல்லை."

வோச்சர் சொன்னது

கொஞ்ச நாளைக்குப் பிறகு அந்தப் பிளட்டைக் காவல் காக்கிற வோச்சரை ரோட்டில கண்டன். மலைநாட்டுப் பக்கத்து ஆள், நல்ல மனுசன். காருக்கு ஏதும் கரைச்சலோ எண்டு கேட்டன்.

"காருக்கு ஒரு கொறையும் இல்லைங்க. ஐயாதான் வெடிஞ்சா எறங்கி வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு, எங்கயும் போகாம மேல போயிருறாரு."

கிட்டத்தில

பிள்ளை சுகமாப் பிறந்தது எண்டதை முதலே சொல்லிப்போடுறன், நீங்கள் பதறாதேங்கோ. பெட்டைப் பிள்ளை.

நோ வந்தது ஒரு மத்தியானம். வினோதா போன் எடுத்தா, நான் எண்ணெய்க் கையோட ஓடினன். ஐயா திறப்போட காரைச் சுத்திச் சுத்தி வாறார். "நீங்கள் ஓடுங்கோ தம்பி" எண்டு என்னட்டைத் தந்திட்டு முன் சீற்றில ஏறினார். வினோதா பின்னால. நான் திறப்பைத் திருப்பினன். "ங்ங்" எண்டு சத்தம் வந்தது, கார் உடனேயே எழும்பினது. ஐயா என்னைப் பாக்கேல்லை, ரோட்டைப் பாக்கேல்லை. வழி முழுக்க பெற்றோல் முள்ளையே பாத்துக்கொண்டு வந்தார். நான் ஹோர்ன் அடிச்ச அடிக்கு பஸ்காரரே ஒதுங்கினாங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில வினோதாவைச் சக்கரக் கதிரையில வச்சுக் கொண்டு போயிட்டினம். ஐயா இறங்கேல்லை. "வந்திட்டமா?" எண்டு கேட்டார். வந்திட்டம் ஐயா எண்டன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கு. அவர் திரும்பிப் பின் சீற்றைப் பாத்தார், பிறகு ஆஸ்பத்திரிப் பேர்ப்பலகையைப் பாத்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது எண்டு நான் முதுகைத் தடவினன். தலையை ஆட்டினார், அதுக்கில்லை எண்டு.

"இவ்வளவு கிட்டத்திலதானே தம்பி இருந்திருக்கு. ராணியோட நான் வரவேண்டிய இடம், இவ்வளவு கிட்டத்தில."

எழும்பாத கார் வாடிக்கையாளரை அழ வைக்கும் எண்டு தெரிஞ்சுதான் இந்தத் தொழிலுக்கு வந்தனான். திருத்தின கார் ஒழுங்கா எழும்பினாலும் அழ வைக்கும் எண்டு எனக்கு வேலை பழக்கின ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.