சுத்தமான ரத்தம்

என் பொண்டாட்டி வேர்க்கடலையை ஒவ்வொண்ணா உடைச்சுப் பார்த்துட்டுத்தான் தட்டுல போடுவா. லேசா பூசணம் தெரிஞ்சா போச்சு, மொத்தமும் குப்பைக்கு. ரொட்டி கருகினாலும் சுரண்டித் தரமாட்டா, ரொட்டியையே தூக்கிப் போட்டுடுவா. "இந்த விஷம் செல்லுக்குள்ள போய் டிஎன்ஏவையே உடைக்கும்"னு நீட்டி முழக்குவா. கேட்டுக் கேட்டு, தையல்காரன் எனக்கே ஒரு டாக்டர் பட்டம் குடுக்கலாம்.

அவ வேலை பார்க்கிற ஆராய்ச்சிக்கூடத்துல எண்ணெய் மில் தொழிலாளிங்க ரத்தத்தைச் சோதிக்கிறாங்க. பூசணம் பிடிச்ச கடலைத் தூசி அவங்களை என்ன பண்ணுதுன்னு பார்க்கணும். ஒப்பிட நோய்நொடி இல்லாத ஆளுங்க ரத்தமும் வேணுமாம். அதுக்கு வீட்டு ஆளுங்களையே இழுத்துட்டுப் போறது அங்க வழக்கம். "என் கையால சாப்பிடுற மனுஷன், இவரை விடச் சுத்தமான ரத்தம் யாருக்கு இருக்கும்?"னு எல்லார் முன்னாடியும் பீத்திக்கிட்டா. நானும் புது மாப்பிள்ளை மாதிரி கையை நீட்டினேன்.

குப்பிகள்ல பேர் இருக்காது, எண் மட்டும்தான். மைக்ராஸ்கோப்ல பார்த்தா நல்ல செல் உருண்டையா தெரியுமாம். டிஎன்ஏ உடைஞ்ச செல்லுக்குப் பின்னாடி வால் முளைச்ச மாதிரி இருக்குமாம். எல்லாத்தையும் பார்த்து முடிச்சப்புறம்தான் எந்த எண் யாருதுன்னு பிரிப்பாங்க.

பிரிச்ச அன்னிக்கு வீட்டுக்கு வந்தவ என் முகத்தையே பார்க்கலை. "வெளிச்சம் பட்டுக் கெட்டுப் போயிருக்கும்"னு மறுபடியும் ரத்தம் எடுத்தா. அப்புறம் இன்னொரு தடவை. "என்னடி, என்னை ரத்த வங்கின்னு நினைச்சியா?"ன்னேன். வழக்கமா பதிலுக்கு நாலு வார்த்தை குடுப்பா. அன்னிக்கு ஊசி குத்தின இடத்துல பஞ்சை வச்சு அழுத்திக்கிட்டே இருந்தா.

நேத்து கடையைப் பூட்டிட்டு வந்தா, சமையலறை டப்பா எல்லாம் தரையில கிடக்கு. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய், ஒண்ணு விடலை. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஆராய்ச்சிக்கூடத்துப் பையில போட்டுட்டு இருந்தா.

"என்னடி இது?"

"மூணு தடவையும் வால் இருக்குங்க. மில் ஆளுங்களை விட நீளமா."

"அப்போ எனக்கு என்ன வியாதி?"

"இதை வச்சு வியாதின்னு யாராலயும் சொல்ல முடியாது. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"போவோம். அதுக்கு ஏன் மளிகையை இப்படிக் கடை பரப்பி வச்சிருக்கே?"

அவ கையில இருந்த பை நழுவிடுச்சு. "நீங்க வெளியில பச்சைத் தண்ணி கூடக் குடிக்கமாட்டீங்க. இத்தனை வருஷமா நான் போட்டதைத்தான் சாப்பிட்டீங்க"ன்னு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "உங்களுக்கு என்னத்தைங்க ஆக்கிப் போட்டேன் நான்?"